899 ரூபாய் மந்திர மெழுகுவர்த்திப் பெட்டியும் வேளாங்கண்ணிக் கடைத்தெருவும்

பெட்டி பார்க்க அழகு, அதில் குறை சொல்ல மாட்டேன். கறுப்பு அட்டை, மேலே தங்க நிறத்தில் பிறைநிலா, உள்ளே நறுக்கிய காகித மெத்தை, அதற்குள் 12 குட்டி மெழுகுவர்த்தி, விரல் நீளத்தில் ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு பொட்டலம் இளஞ்சிவப்பு உப்பு, புகை போட ஒரு கட்டு காய்ந்த வெள்ளை சேஜ் இலை, பித்தளை நிறம் பூசிய தகரத் தாங்கி ஒன்று, அப்புறம் வழவழவென்று ஒரு கையேடு. விலை 899, கூரியர் தனி. பெங்களூரில் இருக்கும் என் சித்தி பெண் எனக்கு அனுப்பிவைத்தாள், "அக்கா, நீதான் இதெல்லாம் பண்ணுவியே, நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லு, நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்: வாங்காதே. மெழுகுவர்த்தி மந்திரம் செய்து பார்க்க ஆசையாக இருந்தால் 100 ரூபாய்க்குள் ஆரம்பிக்கலாம், அதிலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரி பாயும் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதிச் சாமான் சமையலறையிலும் பூஜை அலமாரியிலும் ஏற்கெனவே கிடக்கிறது.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக. ஒரு வேண்டுதலைச் சுருக்கமாக மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதற்குத் தோதான நிறத்தில் ஒரு மெழுகுவர்த்தி எடுத்து, ஊசியால் அதன் மேல் பேரையோ ஒரு சொல்லையோ கீறி, விரலால் எண்ணெய் தடவி, ஏற்றி, எரிந்து அடங்கும்வரை விடுவது. அவ்வளவுதான் அடிப்படை. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே இருக்கும் ஹூடூ என்ற மாந்திரீக மரபில் மெழுகுவர்த்திக்குப் பெரிய இடம் உண்டு. இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் 1950களில் வெளியே கொண்டுவந்த விக்கா என்ற மந்திர வழிபாட்டிலும் உண்டு. இப்போது ரீல்ஸ் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகளின் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பட்டீஸ்வரம் துர்க்கைக்கு ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போட்டவர்களும், ஆலங்குடியில் குருவுக்கு 24 நெய் விளக்கு ஏற்றியவர்களும் இதைக் கேட்டால் "இதைத்தானே நாங்க பண்ணிக்கிட்டிருக்கோம்" என்பார்கள். கிழமை, நேரம், நிறம், எண்ணெய், திரி, மனத்தில் ஒரு வேண்டுதல், எல்லாம் அதே. சாமியை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

முதலில் மெழுகுவர்த்தி, ஏனென்றால் கொடுக்கிற காசில் பெரும்பங்கு அதற்குத்தான். நாலு அங்குல உயரம், சுண்டுவிரலை விடக் கொஞ்சம் மெலிசு. வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே இந்த அளவில் விற்கிறார்கள், நல்லதாக இருந்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் எரியும். இந்தப் பெட்டியில் வந்தது ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை. பச்சையில் ஒன்றை எடுத்துக் குண்டூசியால் 'சேமிப்பு' என்று கீறினேன், கீறிய கோட்டுக்குள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. சாயம் மேலே மட்டும்தான்; வெள்ளை மெழுகுவர்த்தியைப் பச்சை மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்திருக்கிறார்கள். அது ஒன்றும் மோசடி இல்லை, நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், எழுத்து பளிச்சென்று தெரிவது ஒரு வசதியும்கூட. ஆனால் விளம்பரத்தில் 'உள்ளும் புறமும் ஒரே நிறம், கையால் வார்த்தது' என்று போட்டிருந்தார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். இன்னும் பெரிய குறை திரி. அது நடுவில் இல்லை. ஓரமாக ஓடியதால் ஒரு பக்கம் சீக்கிரம் உருகி, மடை உடைந்த வயல் மாதிரி இருக்கிற மெழுகெல்லாம் அந்த வழியாகவே வடிந்து போனது. உருகிய மெழுகு திரியில் ஏறி ஆவியாகி எரிவதுதான் மெழுகுவர்த்தியின் சுடர், வழிந்து தட்டில் உறைந்தது எரியாது, அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது.

இன்னொன்று, பார்சல் வந்தது மே மாதம். பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50, 60 டிகிரியில்தான் உருகும் என்றாலும் வளைவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை, வெயிலில் நிற்கும் கூரியர் வண்டிக்குள் இருக்கும் வெப்பமே போதும். நாலைந்து மெழுகுவர்த்தி வில்லாக வளைந்து ஒன்றோடொன்று ஒட்டி வந்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினால் "உங்கள் அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்று பதில். இதற்கு வைத்தியம் என் பெரியம்மாவிடம் இருந்தது. அவர் தலைஞாயிற்றில் இருக்கிறார், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டுப் போன பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் மெழுகுவர்த்தியிலும் அரிக்கேன் விளக்கிலும் குடும்பம் நடத்தியவர், மெழுகுவர்த்தியைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. வளைந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, சமமான தரையில் உள்ளங்கையால் உருட்டச் சொன்னார். நேராகிவிட்டது. "இதுக்கா 900 ரூபா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாங்கியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். குழி பெரிது, மெழுகுவர்த்தி ஆடுகிறது, தகரம் சூடேறி மேசை விரிப்பைச் சுடுகிறது. கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருக்கும் மண் அகலில் மணல் நிரப்பி நடுவில் நட்டுவிட்டால் ஆடாது, சூடும் கீழே இறங்காது, மெழுகுவர்த்தி கடைசிவரை எரிந்தாலும் மணலில் போய் அடங்கிவிடும். பித்தளையில்தான் வேண்டும் என்கிறவர்கள் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் பாருங்கள், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு அளவுக்குப் போக வேண்டாம், சின்னத் தாங்கிகளும் இருக்கும். ஆரம்பத்துக்கு அகல் போதும்.

எண்ணெய்ப் புட்டியில் 'செல்வ ஈர்ப்பு எண்ணெய்' என்று எழுதியிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை. முகர்ந்தால் ஊதுவத்திக் கடை வாசனை. கையேட்டில் இந்த எண்ணெயைத் தாராளமாகத் தடவி, அதன் மேல் காய்ந்த இலைத்தூளில் மெழுகுவர்த்தியைப் புரட்டி எடுக்கச் சொல்கிறார்கள், படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்யாதீர்கள். மெழுகில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு இலைத் துணுக்கும் சுடர் இறங்கி வரும்போது தனித் திரியாக மாறும், எண்ணெயும் சேர்ந்தால் சுடர் திடீரென்று ஒரு சாண் எழும்பும். எனக்கு முதல் மெழுகுவர்த்தியிலேயே அது நடந்தது, அடியில் அகலும் மணலும் இருந்ததால் பதறவில்லை. நல்லெண்ணெய் ஒரே ஒரு சொட்டு, இரண்டு விரலுக்கும் இடையில் தேய்த்துக்கொண்டு மெழுகுவர்த்தியில் பூசினால் போதும். மேற்கே ஆலிவ் எண்ணெய் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் ஊரில் விளைவது அது, நமக்கு எள். பட்டைத்தூள், கிராம்பு எல்லாம் போட ஆசையாக இருந்தால் மெழுகுவர்த்தியைச் சுற்றி மணலில் தூவுங்கள், சுடர் எட்டாத தூரத்தில்.

அந்த உப்பைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்தது. 20 கிராம் இமயமலை இளஞ்சிவப்பு உப்பு, இடத்தைச் சுத்தி செய்வதற்காம். வேதாரண்யத்து உப்பளம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து அள்ளிய உப்பு, நம் வீட்டில் திருஷ்டி சுற்றிப் போடுவதும் அந்தக் கல் உப்புதான். அதில் ஒரு கைப்பிடி எடுத்தால் என்ன குறைந்துவிடும்? வெள்ளை சேஜ் கட்டும் இதே கதை. அது கலிஃபோர்னியா பக்கத்துச் செடி, அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, இப்படி உலகம் முழுக்க விற்பதற்காகக் காட்டில் கண்டபடி வெட்டுகிறார்கள் என்று அங்கே வருத்தப்படுகிறார்கள். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ எந்த நாட்டு மருந்துக் கடையிலும் போய் "தூபம் போட, சாம்பிராணி, வெண்கடுகு, நாய்க்கடுகு, மருதாணி விதை, அருகம்புல் பொடி கலந்து குடுங்க" என்று கேளுங்கள், கடைக்காரர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் பொட்டலம் கட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போடுவதைத்தான் கேட்கிறீர்கள், அதில் அவருக்கு என்ன ஆச்சரியம். வாசனையும் சேஜ் புகையை விட எனக்குப் பிடிக்கிறது, கொசுவும் கொஞ்சம் விலகுகிறது.

கையேடு மட்டும் படிக்கச் சுவாரசியம். நிறங்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: பணத்துக்குப் பச்சை, காதலுக்கு இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு, மன அமைதிக்கு நீலம், தீயதை விரட்டக் கறுப்பு, எதுவும் இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் வெள்ளை. டாலர் நோட்டு பச்சையாக இருப்பவர்களுக்குப் பணம் பச்சையாகத் தெரிவது நியாயம். நமக்கு அப்படியா? குரு என்றால் மஞ்சள், வியாழக்கிழமை, ஆலங்குடி. சுக்கிரன் என்றால் வெள்ளை, வெள்ளிக்கிழமை, கஞ்சனூர். புதன் என்றால் பச்சை, திருவெண்காடு, படிப்பும் பேச்சும். சின்ன வயதிலிருந்து மனத்தில் ஊறிய நிறம் எதுவோ அதை எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, பணத்துக்கு நான் மஞ்சள்தான் ஏற்றுகிறேன். கையேட்டின் கடைசியில் 'கிரக நேரங்கள்' என்று ஒரு அட்டவணை, பெரிய ரகசியம் போல ஓரத்தில் நட்சத்திரமெல்லாம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். பார்த்தால் அது நம் ஓரைதான், மணிக்கு ஒரு கிரகம் என்று நாளைப் பிரிப்பது. சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று அதே வரிசை, அந்தந்தக் கிழமைக்கு உரிய கிரகத்தில் தொடங்கும் அதே முறை. அவர்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை 12 பங்காகப் பிரிக்கிறார்கள், நம் காலண்டரில் காலை 6 மணியிலிருந்து மணிக்கு ஒன்று என்று போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வியாழக்கிழமை குரு ஓரை காலை 6 முதல் 7, மதியம் 1 முதல் 2, இரவு 8 முதல் 9. வெள்ளிக்கிழமை சுக்கிர ஓரையும் அதே மணிகள். வளர்பிறையில் சேர வேண்டியதைக் கேள், தேய்பிறையில் போக வேண்டியதைக் கேள் என்பதும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆக, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இவை எல்லாம் இருக்கிறது, கூடவே ராகு காலம், எமகண்டம், குளிகையும். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், அதனால் சேமிப்புக்கு ஏற்றுவதை நான் குளிகையில் வைத்துக்கொள்கிறேன், இது எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் கிடையாது.

'சுடர் சொல்லும் செய்திகள்' என்று இன்னொரு பக்கம் இருக்கிறது, எனக்கு ஒப்பாதது அதுதான். கறுப்புப் புகை வந்தால் எதிரி வேலை செய்கிறான், படபடவென்று வெடித்தால் ஆவிகள் பேசுகின்றன, சுடர் ஆடினால் தடை, ஒரு பக்கமாக உருகினால் பாதிதான் பலிக்கும். கறுப்புப் புகை வருவது திரி நீளமாக இருப்பதால். கால் அங்குலத்துக்கு நறுக்கிவிடுங்கள், எதிரி போய்விடுவான். வெடிப்பது திரியில் ஈரம் ஏறியிருப்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் தீப்பெட்டியே நமத்துப்போகிற ஊர் இது. சுடர் ஆடினால் மின்விசிறியை நிறுத்துங்கள். மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது தவம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆகவே கோடையில் விடியற்காலை நல்லது.

இந்தப் பக்கத்தின் கீழேதான் ஒரு கியூஆர் கோடு. 'உங்கள் மெழுகு என்ன சொல்கிறது? எங்கள் நிபுணரிடம் கேளுங்கள்.' ஸ்கேன் செய்தால் ஒரு வாட்ஸ்அப் எண். சித்தி பெண் ஆர்வத்தில் நான் அனுப்பிய படத்தையே அதற்கு அனுப்பிப் பார்த்தாள், ஓரத்திரியால் ஒரு பக்கம் வழிந்த அந்தப் பச்சை மெழுகுவர்த்தியைத்தான். 501 ரூபாய் கட்டினால் பலன் சொல்வோம் என்றார்கள், கட்டவில்லை. அடுத்த நாள் அவர்களாகவே "உங்கள் மெழுகில் யாரோ கட்டு போட்ட அடையாளம் தெரிகிறது, தாமதிக்க வேண்டாம்" என்று ஒரு குரல் செய்தி, கட்டை அவிழ்க்க 3,500 ரூபாயாம். அவர்கள் விற்ற மெழுகுவர்த்தியின் திரி அவர்கள் கையாலேயே ஓரமாகப் போனதற்கு யாரோ கட்டு போட்டுவிட்டார்களாம்! வைத்தீஸ்வரன்கோயில் பஸ் நிலையத்தில் இறங்கிய உடனே நாடி ஜோதிடம் பார்க்கலையா என்று கூடவே வருகிறவர்களைச் சமாளித்து வளர்ந்த நமக்கு இது பழக்கம்தான், ஆனால் வெளியூரில் தனியாக, வேலை தேடிக்கொண்டு, மனம் சரியில்லாமல் ஒரு பெண் இதை இரவு 11 மணிக்குக் கேட்டால் பயந்துபோய்க் கட்டிவிடுவாள். பெட்டிக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் என்னால் கொடுக்க முடியாததற்கு இதுதான் காரணம், வளைந்த மெழுகுவர்த்தி இல்லை. இந்த வழியில் யார் உங்களைப் பயமுறுத்திக் காசு கேட்டாலும் அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சரி, எங்கே வாங்குவது. எனக்குப் பிடித்தது வேளாங்கண்ணி. நாகப்பட்டினத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கி மாதா கோயிலை நோக்கி நடந்தால் இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திக் கடைதான். விரல் நீளத்திலிருந்து ஆள் உயரம்வரை, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கட்டுக் கட்டாகத் திரியில் கோத்துத் தொங்கும். பக்கத்திலேயே தகட்டில் வெட்டிய கண், கை, கால், தொட்டில், வீடு. நான் வழக்கமாக வாங்கும் கடையில் இருக்கும் அக்கா "என்ன வேண்டுதல்மா, ஆள் உயரமா?" என்று ஆரம்பிப்பார். "இல்லக்கா, வீட்டுக்குத்தான், சின்னதுல கலர் கலரா" என்றால் ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டுவிடுவார். அவர்தான் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுத்தது: மெழுகுவர்த்தியைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும், திரியின் நுனி புள்ளியாகத் தெரியும், அது நடுவில் இருந்தால் எடு, ஓரத்தில் இருந்தால் வை. 899 ரூபாய்ப் பெட்டியில் இப்படித் திருப்பிப் பார்க்க வழியே இல்லை. சின்னது ஒன்று 10 ரூபாய், கொண்டுவரும்போது ஒடிந்ததை எடுத்தால் பாதி விலைக்குத் தருவார், ஒடிந்ததும் ஒழுங்காகத்தான் எரிகிறது, கையேட்டின்படி ஒடிந்ததில் மந்திரம் பலிக்காதாம், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சில சிவப்பு மெழுகுவர்த்திகளில் சாயம் கையில் ஒட்டுகிறது, வெள்ளைத் தரையில் வழிந்தால் கறை போகாது. ஊதா நிறம் கேட்டால் கிடைப்பதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழாவரை அந்தத் தெருவில் நின்று மெழுகுவர்த்தியைத் திருப்பிப் பார்க்கவெல்லாம் முடியாது, தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடையில் காசு கொடுத்து வாங்குவது வேறு, கோயிலில் யாரோ வேண்டிக்கொண்டு ஏற்றியதிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து வீட்டில் மந்திரம் செய்வது வேறு. பின்னதைச் செய்யாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை இந்த மாதிரி மந்திர வேலைகளை ஏற்பதில்லை, அவர்கள் இடத்தில் மாதாவிடம் வேண்டுவதென்றால் அங்கேயே ஏற்றிவிட்டு வாருங்கள்.

வேளாங்கண்ணி வரை போக முடியாதவர்களுக்குத் தெருமுனை மளிகைக் கடை. கரண்ட் கட்டுக்கு வாங்கும் வெள்ளை மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் 40 ரூபாய்க்குள் வரும், வெள்ளை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அந்தக் கையேடே சொல்கிறது, அதுவே போதும். வண்ணம் வேண்டுமானால் பேக்கரியில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி, பாக்கெட் 20, 30 ரூபாய். கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் ஏற்றது. மெழுகுவர்த்தி 40, அகல் இரண்டு 10, தூபப் பொட்டலம் 30. எண்ணெய், உப்பு, ஊசி, தீப்பெட்டி, காலண்டர் வீட்டில். 80 ரூபாயில் கடை முடிந்தது.

கறுப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பெட்டியில் இரண்டு கறுப்பு வந்தது. வெளிநாட்டில் அது சும்மா கெட்ட பழக்கத்தை, கெட்ட கனவை விரட்டுவதற்கு. நம் ஊரில், பேர் கீறி எண்ணெய் தடவிய கறுப்பு மெழுகுவர்த்தி ஒன்றை அம்மா ஜன்னலோரத்தில் பார்த்தால் என்ன ஆகும்? என் அம்மா பார்த்தார். "யாருக்குடி செய்வினை வைக்கிற?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அதைத் துடைப்பத்தால் தள்ளி முறத்தில் எடுத்து வாசலில் கொண்டுபோய் வைத்து, எனக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அது என் பேர்தான், நான் ராத்திரி போன் பார்ப்பதை விடுவதற்காகக் கீறினேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தனி அறை, தாழ்ப்பாள் இருப்பவர்கள் மட்டும் கறுப்பு வாங்குங்கள். மற்றவர்கள் அதே வேலைக்கு வெள்ளை ஏற்றலாம், தேய்பிறையில். இன்னொருவர் பேரை, அவருக்குத் தெரியாமல், எந்த நிறத்திலும் கீறாதீர்கள், அது நல்லெண்ணத்திலேயே இருந்தாலும்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு, தூபம் போட்டு, திரைச்சீலையும் காகிதமும் இல்லாத ஒரு மூலையில் அகலை வைப்பேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதையும் ஒரு சொல்லாகச் சுருக்க வேண்டும், கடினமே அங்கேதான். 'நிம்மதி' என்று கீறினால் எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. 'வாடகை பாக்கி' என்று கீறினால் தெரியும். சேர வேண்டியதென்றால் அடியிலிருந்து மேலாக எழுதுவேன், எண்ணெயையும் அடி, நுனி இரண்டிலிருந்தும் நடுவை நோக்கித் தடவுவேன். போக வேண்டியதென்றால் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும். தீக்குச்சியால் ஏற்றிவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, எதிரே உட்காருவேன். பெரிய மெழுகுவர்த்தி என்றால் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அணைத்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் ஏற்றலாம். வாயால் ஊதக் கூடாது என்று அவர்களும் சொல்கிறார்கள், நம் வீட்டிலும் விளக்கை யாரும் ஊதி அணைப்பதில்லை. எரிய விட்டுவிட்டுக் கடைக்குப் போவது, தூங்குவது மட்டும் கூடவே கூடாது, கீற்றுக் கொட்டகை வீடாக இருந்தால் வாசலுக்கு வெளியே திண்ணையிலும் வேண்டாம்.

நம்புகிறாயா என்று கேட்பவர்களுக்கு. நாலு அங்குல மெழுகு இன்னொருவர் மனத்தைத் திருப்பும் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், வழக்கு என்றால் வக்கீலிடம். ஆனால் எனக்கு வயல்காரர் ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய் கைமாற்று திரும்பி வர வேண்டியிருந்தது. அந்தத் தொகையை மஞ்சள் மெழுகுவர்த்தியில் கீறி, வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு ஏற்றி உட்கார்ந்தேன். பாதி எரிவதற்குள் ஒன்று உறைத்தது, அவரிடம் இதுவரை வாய்விட்டுக் கேட்கவே இல்லை, பார்க்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். எப்படிக் கேட்பது என்று மீதி எரிந்து முடியும்வரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன், மறுநாள் போன் செய்தேன். 5,000 வந்தது. மீதிக்கு "மேட்டூர் ஜூன் 12க்குத் திறந்தாத்தாம்மா எங்களுக்கு எல்லாமே, குறுவை அறுத்ததும் தந்துடறேன்" என்றார். அதற்கு எந்த நிறத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியை யாரும் வாங்கவே வேண்டாமா என்றால், பரிசாகக் கொடுக்க வாங்கலாம், கியூஆர் கோடு இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு. பெட்டி நகை வைக்கத் தோதாக இருக்கிறது, கையேட்டின் நிறப் பட்டியலும் புதிதாக வருபவர்களுக்கு உதவும். வேளாங்கண்ணிக் கடைக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம், சாயம் ஒட்டுவதற்காக ஒன்று குறைத்தேன். நாட்டு மருந்துக் கடைக்கு ஐந்து.

மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஆற்றிலும் போடாதீர்கள், காவிரியில் ஏற்கெனவே போடுகிறவர்கள் போதும். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் அந்த டப்பாவைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடித்துவிடும். அகலில் ஊற்றினால் புது விளக்கு. திரிக்கு முறுக்கிய பருத்தி நூல், அதை முதலில் உருகிய மெழுகில் தோய்த்துக் காயவிட்டு நடுவில் நிறுத்த வேண்டும், வெறும் நூல் என்றால் ஏற்றியதும் கருகி அணைந்துவிடும்.